மடியில் முடிந்த ஆணி

நான் பயந்தாங்கொள்ளி. எக்ஸ்ரே எடுக்கப் படிக்கிற பிள்ளைக்கு மெஷினைக் கண்டு பயம் என்றாலாவது ஒரு நியாயம் இருக்கும். எனக்கு நோயாளிகளைக் கண்டுதான் பயம். வகுப்பில் நாங்களே மாறி மாறி நோயாளியாகப் படுத்துப் பழகினோம். வலிக்கிற இடத்தைக் கேள், உடம்பிலிருக்கும் உலோகத்தைக் கழற்றச் சொல், பெண் என்றால் வயிற்றில் பிள்ளை உண்டா என்று கேள். அங்கே எல்லாம் சிரிப்பும் கூத்தும்தான். பதுளை ஆஸ்பத்திரியில் நிஜ நோயாளி வந்து நின்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

வந்தவள் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். என்னைவிட இளையவள். கொழுந்து பறிக்கையில் மழையீரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. கூடவே மாமியார். எங்களுக்குப் பொறுப்பான மிஸ் சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான் வரும். "நீ கேளு" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

"முழுகாம இருக்கீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமியார் முந்திக்கொண்டார். "ஐயய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. சட்டுன்னு படத்தை எடுத்து வுடுங்க, பஸ் போயிரும்."

மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் திரும்பக் கேட்கலாமா என்று நினைத்தேன். மாமியார் முறைத்த முறைப்பில் அந்த நினைப்பே ஓடிப்போனது. இல்லையாம் என்று மிஸ்ஸிடம் சொன்னேன்.

மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் அவளுக்கு உடை மாற்ற உதவினேன். வளையல், ஊக்கு எல்லாம் தந்தாள். மடியில் எதையோ முடிந்திருந்தாள், அதை மட்டும் கையால் பொத்திக்கொண்டாள்.

"இது இருக்கட்டுங்கக்கா."

"படத்துல விழும்மா. குடு, நான் பத்திரமா வச்சிருக்கேன்."

அரைமனதோடு அவிழ்த்தாள். துருப்பிடித்த ஓர் ஆணி, காய்ந்த வேப்பிலை இரண்டு. வாங்கி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு அவளை மேசையில் படுக்கவைத்தேன். மிஸ் பொத்தான் இருக்கும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார். நானும் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

பையில் கை விட்டபோது ஆணி குத்தியது. அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. என் அக்காவும் தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஆணியும் வேப்பிலையும் இல்லாமல் லயத்து வீட்டு வாசலைத் தாண்டியதில்லை, காத்துக் கருப்பு அண்டாமலிருக்க. மூன்று மாதம் முடியும்வரை பிள்ளை உண்டானதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவுமில்லை.

"வேணாம் மிஸ்! எடுக்காதீங்க! வயித்துல பிள்ளை இருக்கு!" தமிழிலா சிங்களத்திலா கத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மிஸ் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

சத்தம் கேட்டு மாமியார் உள்ளே ஓடிவந்தார். "போன தடவ ஊரெல்லாம் தெரிஞ்சு, கண்ணு பட்டுத்தான் கலைஞ்சிச்சு. இந்தத் தடவையாச்சும் மூணு மாசம் போகட்டும்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்தோம். இப்படிப் போட்டு ஒடச்சிட்டியே, பாவி!"

"கதிர் பட்டா பிள்ளைக்கு ஆகாதும்மா," என்றேன்.

மருமகள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். "அது கண்ணுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது."

"அப்ப திருஷ்டி மாதிரி."

"ஆமா," என்றேன்.

மிஸ் டாக்டரைக் கூப்பிடப் போனார். அவள் சேலையைத் திரும்பக் கட்டிக்கொண்டதும் ஆணியை மடியில் நான்தான் முடிந்துவிடப் பார்த்தேன். முடிச்சு விழவில்லை. அவளே வாங்கி இறுக்க முடிந்துகொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள். அவள் கையும் என் கையைப் போலவே சில்லிட்டிருந்தது.

"இத்தனை பேரு காதுல விழுந்திருச்சே. இனி நிக்குமாக்கா?"

இதற்கு என்ன பதில் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. "நிக்கும்" என்றேன். அவளை டாக்டர் அழைத்துக்கொண்டு போனபிறகு, கண்ணாடிக்குப் பின்னால் நின்று, நிக்கணும் தாயே, நிக்கணும் தாயே என்று மாரியம்மனைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.