ஒரே ஒரு இயற்பியல் இடம்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று, எங்கள் வீட்டில் என் மதிப்பெண்ணுக்கு முன்னால் சௌமியாவின் மதிப்பெண்ணைத்தான் கேட்டார்கள். கேட்டவர் மாமா. மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி ஏலம் எடுப்பவர். அவள் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றதும், ஏலத்தில் கைநழுவிப் போன பெட்டியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

சௌமியாவும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. தருமபுரி அரசுக் கல்லூரியில் இயற்பியல் சேர இருவரும் விண்ணப்பித்திருந்தோம். அவள் வீட்டு மிக்ஸியையும் ஃபேனையும் கழற்றி மாட்டுகிறவள். வேறு பாடத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. எனக்கோ, அவள் கேட்பதை அவளுக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும்.

கலந்தாய்வுத் தேதியை எனக்குச் சொன்னதே அவள்தான். போட்டிக்காரி எதற்குத் தேதி சொல்கிறாள் என்று மாமாவுக்குச் சந்தேகம். கல்லூரி வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தார். தேதி சரியாகத்தான் இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

கலந்தாய்வு அன்று காலை பாலக்கோடு வழியாகப் போகும் பஸ்ஸில் மாமாவோடு நானும், அவள் அப்பாவோடு அவளும் ஏறினோம். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிசிக்ஸ் கெடைக்கலன்னா என்னாடி பண்ணுவ?" என்று கேட்டாள்.

"ஓசூர் போயிடுவேன். அங்க பெரியம்மா வூடு இருக்குது. இங்க வேற எதுவும் எடுக்க மாட்டேன்."

அவள் முன் சீட்டில் இருந்த தன் அப்பாவைப் பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

கல்லூரி அரங்கில் தரவரிசைப்படி கூப்பிட்டார்கள். பெற்றோரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் பிரிவுக்கு இயற்பியலில் மீதம் ஒரே ஓர் இடம் என்று மைக்கில் சொன்னபோது, அடுத்துக் கூப்பிட்ட பெயர் சௌமியா. அதற்கடுத்தது நான். ஓசூர் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவள் மேசைக்கு முன்னால் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "கெமிஸ்ட்ரி கொடுங்க மேடம்" என்றாள்.

"பிசிக்ஸ் இருக்குதே, தெரியும்தானம்மா?"

"தெரியுங்க மேடம். கெமிஸ்ட்ரியே போதும்."

அடுத்த நிமிடம் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. வெளியே ஓடிவந்து மாமாவிடம் சொன்னேன். அவர் என் முதுகில் தட்டிய சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சௌமியாவின் அப்பா தன் மகளிடம் எதுவும் கேட்காமல் நேரே என்னிடம் வந்தார்.

"உனக்குக் கெடைச்சுதாம்மா? டெய்லி நம்மூர்ல இருந்துதான வருவ?"

"ஆமாங்க. பஸ்ஸுலதான்."

அவர் முகம் தெளிந்தது. மாமாவிடம் சொன்னார்: "தனியா இவ்ளோ தூரம் அனுப்ப மாட்டேன்னு வூட்ல சொல்லிட்டனுங்க. உங்க பொண்ணும் கூட வருதுன்னா போவட்டும். இல்லன்னா இந்த வருசமே நிறுத்தியிருப்பேன்."

மாமா, "அதுக்கென்னாங்க, ஒண்ணாவே வரட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ஜெயித்த பக்கம் நிற்பவரின் பெருந்தன்மை.

சௌமியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "லீவு கீவு போட்டுடாதடி" என்றாள்.

"நான் எதுக்குடி லீவு போடப்போறேன்?" என்றேன்.

அன்று வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு. அவள் ஏன் அந்த இடத்தை விட்டாள் என்று அம்மா கேட்டாள். அவள் அப்பா சொன்னதை நானும்தான் பக்கத்தில் நின்று கேட்டிருந்தேன். ஆனாலும், வாயில் ஜிலேபியை வைத்துக்கொண்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்போலச் சொன்னேன்: "அவளுக்கு பிசிக்ஸ்னா பயம்மா."