கேபிள்காரி கிருபாவதிக்குச் சொன்ன நன்றி

சின்னமனூரில் கிருபாவதியைப் பற்றி யாரும் பிரியமாகப் பேசிக் கேட்டதில்லை. கேபிள்காரி என்பார்கள், வாய்க்காரி என்பார்கள். கணவன் இம்மானுவேல் குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து செத்துப்போனதும், அவன் இழுத்து வைத்திருந்த அறுநூறு வீட்டு கேபிள் இணைப்பை அவள் விற்றுவிடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் விற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டுக் கம்பத்தில் ஏணியைச் சாத்தி அவளே ஏறினாள். படம் தெரியவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களோடு சரிக்குச் சரி நின்றாள். அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாத வீடு மெயின் பஜாரில் இல்லை.

2001 ஆகஸ்டில் ஊர்ப் பெண்கள் பள்ளி மைதானத்தில் வட்டார ஹாக்கிப் போட்டி வைத்தார்கள். எட்டுப் பள்ளிகள், மூன்று நாள். விளையாட்டு டீச்சர் சண்முகத்தாய் கிருபாவதியிடம் வந்து, தேர்த் திருவிழாவை நேரடியாகக் காட்டுகிற மாதிரி இதையும் காட்ட முடியுமா என்று கேட்டார். கிருபாவதிக்கு ஹாக்கி மேல் அக்கறை ஒன்றும் கிடையாது. ஆனால் ஊரின் கிழக்குப் பக்கம் கேபிள் நடத்திய பொன்னுராஜ் தினமும் மத்தியானம் புதுப்படம் போட்டு அவளுடைய வீடுகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் இல்லாத ஏதாவது ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. சரி என்றாள்.

மைதானத்திலிருந்து பஜார் மாடியில் இருந்த கண்ட்ரோல் ரூம் வரைக்கும் ஒயர் இழுத்தாள். இம்மானுவேல் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோன கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, தானே படம் பிடித்து, தானே மைக்கில் பேசினாள். விளையாட்டு அவளுக்குத் தெரியாது. பந்து யாரிடம் இருக்கிறது, அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று சொன்னாள். தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. கண்ட்ரோல் ரூமில் போனை எடுத்த அவள் தங்கை மகிமாவுக்குக் காது கூசிப்போனது. மத்தியானப் படத்தை நிறுத்திவிட்டு வயசுப் பிள்ளைகள் அரை டவுசரில் ஓடுவதைக் காட்டுகிறாளா, இவளுக்கு வெட்கமில்லையா என்று ஒவ்வொருவனும் கேட்டான். கேட்டவர்கள் எல்லாருமே கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் கேட்டார்கள். கிருபாவதி அசரவில்லை.

சனிக்கிழமை காலையில் சண்முகத்தாய் டீச்சர் மைதானத்து வாசலிலேயே அவளை மறித்தார்.

"நேத்து என்ன சொன்னீக மைக்ல? மேலத்தெரு சீனிச்சாமி மக தேவயானி, ஒன்பதாம் நம்பர்னு சொன்னீகளா இல்லையா?"

"சொன்னேன். அவதானே நேத்து மூணு கோல் போட்டா?"

"அவ விளையாடுறது அவ அப்பாவுக்குத் தெரியாது. ஒரு வருஷமா ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு விளையாடுறா. ஸ்டிக்கைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோறதில்ல, என் ரூம்லதான் வச்சிருக்கா. அவரு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நாலு பேரோட உக்காந்து பாத்திருக்காரு. பிள்ளைய அடிச்சுப் பூட்டிப் போட்டிருக்காரு."

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். யாரும் கிருபாவதிக்கு வணக்கம் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், "உங்களாலதான்க்கா" என்றாள்.

அன்றைக்கு அரையிறுதியில் தேவயானி இல்லாமல் இழுபறியாகி, கடைசியில் பெனால்டி அடித்துத்தான் ஜெயித்தார்கள். சாயங்காலம் கிருபாவதி மேலத்தெருவுக்குப் போனாள். சீனிச்சாமி வாழை விவசாயி. தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சொம்பை வீசினார். அது சுவரில் பட்டு உருண்டது.

"எங்கன வந்த? என் மகளை ஊர் பூராவும் பாக்க விட்டது பத்தலையா?"

"ஊர் பாத்துருச்சுண்ணே. இனிமே மறைக்க முடியாது. நாளைக்கு ஃபைனல். அவளை அனுப்புங்க."

"முடியாது. போ."

கிருபாவதிக்குக் கெஞ்சத் தெரியாது. "அப்ப நாளைக்கு மைக்ல நான் சொல்லத்தான் செய்வேன். ஒன்பதாம் நம்பர் ஏன் வரலைன்னு எல்லாரும் கேப்பாக. சீனிச்சாமி அண்ணன் அடிச்சுப் பூட்டி வச்சிருக்காருன்னு அறுநூறு வீட்டுக்கும் சொல்லுவேன்."

உள்ளே கதவோரம் அவர் மனைவி மலையம்மாள் நின்றாள். சீனிச்சாமி கிருபாவதியை முறைத்தார். "வருவா" என்றார். "ஆனா அவ பேரு உன் வாயில வரக்கூடாது. மூஞ்சியக் கிட்டக்கக் காட்டக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவயானி வந்தாள். இடது கை முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே, ஒயர் பெட்டி வைத்திருந்த மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். கிருபாவதி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முதல் பாதி முழுக்க ஒன்பதாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்றுதான் சொன்னாள். தேனிப் பள்ளி ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஒன்பதாம் நம்பர் பாதி மைதானத்திலிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ரெண்டு பேரைக் கடந்தாள், மூன்றாவது ஆளின் ஸ்டிக்கில் தடுக்கி, விழப்போகிற மாதிரி சாய்ந்தபடியே அடித்தாள். பந்து உள்ளே போனது.

"தேவயானி! ஆத்தா, என் தேவயானி!" என்று கத்திவிட்டாள் கிருபாவதி.

அடுத்த நொடி சீனிச்சாமி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஒயரைப் பெட்டியோடு சேர்த்துப் பிடுங்கினார். அறுநூறு வீட்டிலும் டிவி புள்ளி புள்ளியாகப் போனது. "பேரைச் சொல்ல மாட்டேன்னியே! சத்தியம் பண்ணியேடி!" என்று மைதானமே கேட்கக் கத்தினார். பள்ளி வாட்ச்மேனும் ரெண்டு டீச்சர்களும் ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் சொன்னது நிஜம். கேமரா மட்டும் உள்ளே இருந்த கேசட்டோடு தோளில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நிமிஷத்தில் தேனிக்காரப் பிள்ளைகள் இன்னொரு கோல் போட்டு ஜெயித்தார்கள். அது எந்த வீட்டுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு வந்த போன்களை மகிமா பாதிக்கு மேல் எடுக்கவே இல்லை.

புதன்கிழமை காலை பிரேயரில் பள்ளிக்கூடம் நன்றி சொல்லக் கூட்டம் வைத்தது. போட்டிக்கு மோர் கொடுத்தவர், பந்தல் போட்டவர், எல்லாருக்கும் சால்வை. கிருபாவதியையும் மேடையில் உட்காரவைத்தார்கள். நன்றியுரை தேவயானி. தலைமை ஆசிரியை எழுதிக் கொடுத்த தாள் அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டே வந்தவள், கேபிள் என்ற இடத்தில் நின்றாள். தாளை மடித்தாள்.

"கேபிள் அக்காவுக்கு நன்றி சொல்லணும்னு எழுதிருக்கு. அவங்க டிவில காட்டுனதாலதான் நான் அடி வாங்குனேன். அவங்க வீட்டுக்கு வந்ததாலதான் ஃபைனல் விளையாடுனேன். அவங்க என் பேரைச் சொன்னதால திரும்பவும் வாங்குனேன். இதுல எதுக்கு நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

தலைமை ஆசிரியை எழுந்து மைக்கைப் பிடுங்கப் போனார். அதற்குள் கிருபாவதி எழுந்து, சால்வையை நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

"மூணு நாள் வெயில்ல நின்னேன்" என்று மகிமாவிடம் அவள் அன்று முழுக்கக் கத்தினாள். "ஒருத்தன் ஒரு வாய் தண்ணி குடுக்கல. வாயில வந்ததெல்லாம் பேசுனானுக. கடைசியில அந்தச் சிறுக்கி மேடையில வச்சுக் கேக்குறா, எதுக்கு நன்றின்னு." மகிமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ கேட்டது தப்பாக்கா?" என்றாள். கிருபாவதி அதற்கப்புறம் ரெண்டு நாள் தங்கையோடு பேசவில்லை.

பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் மலையம்மாள் கண்ட்ரோல் ரூம் மாடிப்படி ஏறி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உன்கூட எனக்குப் பேச்சில்ல. என் மக ஆடுனதை எடுத்துவச்சிருக்கியாமே. அதைப் போடு. எங்க வீட்ல அவரு டிவியவே கழட்டி வச்சுட்டாரு."

கிருபாவதி கேசட்டைப் போட்டாள். மலையம்மாள் நின்றபடியே பார்த்தாள். கோல் விழுந்ததும், கிருபாவதியின் கத்தலும், அதற்கு மேல் புருஷனின் கத்தலும் கேட்டன. படம் நிற்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒன்பதாம் நம்பர் திரும்பவும் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"இவரு கத்துறது அவளுக்குக் கேக்கலையோ?" என்றாள் மலையம்மாள்.

"கேட்டுச்சு. திரும்பிப் பாத்தாளே, இந்தா."

"கேட்டுட்டா ஓடுறா?"

"கேட்டுட்டுத்தான் ஓடுறா."

மலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

அடுத்த வருஷம் டீச்சர் கேட்டபோது கிருபாவதி உடனே கேமராவைத் தூக்கவில்லை. பிள்ளைகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். முதலில் பிள்ளையிடம் கேட்டாள், பிறகுதான் பெற்றவர்களிடம். பதினாறு வீட்டில் நாலு வீடு மறுத்தது. அந்த நாலு பேரை விட்டுவிட்டு எப்படிப் படம் பிடிப்பது? அந்த வருஷம் காட்டவில்லை. பொன்னுராஜ் தெருத்தெருவாகக் கேலி பேசினான். அவள் அவனோடு பஜாரில் நின்று ஒரு மணி நேரம் சண்டை போட்டாள், அது வேறு விஷயம்.

2003-ல் பதினாறு வீடும் ஒத்துக்கொண்டது. தேவயானி அப்போது பன்னிரண்டாவது, அணிக்குக் கேப்டன். "காட்டுங்க. இந்த வாட்டி பேரைச் சொல்லியே காட்டுங்க" என்றாள். சிரிக்கவில்லை.

சீனிச்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கிருபாவதி சம்மதக் கையெழுத்துக்குப் பட்டியல் தாளையும் பேனாவையும் நீட்டினாள். மலையம்மாள் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தாளை வாங்கி, மகளின் பேருக்கு நேரே அழுத்திக் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கிருபாவதி கையில் தரவில்லை. கட்டிலில் வைத்துவிட்டு, வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச நேரமாயிற்று என்று எழுந்து போனார்.