நைனாவின் முகம் வராத ஞாயிற்றுக்கிழமை

ரோட்டர்டாமில் ஜன்னலுக்குத் திரை போடமாட்டார்கள். சாயங்காலம் தெருவில் நடந்தால் வரிசையாக எல்லா வீட்டுக் கூடமும் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். சோபாவில் கால் நீட்டிப் படுத்திருப்பவர், பூனை, சூப் கிண்ணம், சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி, எல்லாம். ஆனால் ஒருத்தரும் ஒருத்தரையும் பார்ப்பதில்லை. வந்த புதிதில் நான் மட்டும்தான் நின்று நின்று பார்த்தேன். ராயபுரத்துக்காரியிடம் போய்ப் பார்க்காதே என்றால் எப்படி? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மீன் வாங்கினால், அது வஞ்சிரமா கானாங்கெளுத்தியா என்று நாலு வீடு எட்டிப் பார்த்த பிறகுதான் சட்டியில் ஏறும். மீனுக்கே இந்தப் பாடு என்றால் மாப்பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

மாப்பிள்ளை பெயர் ரூபன். பெயரைக் கேட்டதும் பிலோமினா அத்தை, "அட, நம்ம வூட்டுப் பேராத்தான் கீது! தூத்துக்குடி பக்கமா?" என்றாள். இல்லை அத்தை, அசல் டச்சுக்காரன், நான் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனியில் பக்கத்து மேஜை என்றேன். அவள் போனைக் கைமாற்றிவிட்டாள். பிறகு நைனா வாங்கிப் பேசினார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார்.

அந்தச் 'சரி'யை நான் நம்பவில்லை. நைனாவின் வாய் ஒன்று சொல்லும், மூஞ்சி வேறொன்று சொல்லும். எனக்கு இங்கே வேலை கிடைத்த அன்றும் "ரொம்ப சந்தோசம்மா, போய்ட்டு வா" என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தி, ஸ்டூல் போட்டு ஏறி, ரிப்பேர் செய்ய ஆரம்பித்துவிட்டார். முதுகை மட்டும்தான் எங்களுக்குக் காட்டினார். அம்மா இருந்திருந்தால் அவர் மனதைக் கிண்டிக் கேட்டுச் சொல்லியிருப்பாள். அவளும் இல்லை. அதனால் எனக்கு அவர் மூஞ்சியைப் பார்த்தே ஆகவேண்டும். மனசாரத்தான் சரி சொல்கிறாரா, இல்லை மறுபடியும் ஸ்டூல் தேடுகிறாரா என்று தெரியாமல் நான் எப்படி மோதிரம் மாற்றுவது?

நான் கிளம்பும்போது வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரும், அதன் தலைமேல் உட்காரும் யூ.எஸ்.பி கேமராவும் வீட்டில் இருந்தன. புதன்கிழமை ஒத்திகை பார்த்தோம், கேமரா கச்சிதமாக வேலை செய்தது. ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மாப்பிள்ளை பார்க்கும் படலம் என்று முடிவானது.

ஞாயிறு வந்தது. ரூபன் வெள்ளைச் சட்டை போட்டு, "வணக்கம் மாமா" என்று வாரம் முழுக்கச் சொல்லிப் பழகியதைச் சொன்னான். திரையில் நைனா இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம். படமும் இல்லை, சத்தமும் இல்லை. நம்முடைய மானம் போகிறதே என்று அத்தையின் போனுக்கு அடித்தேன்.

"நாங்க பாத்துகினுதான் கீறோம்டி! வணக்கம்லாம் கேட்டுச்சி. பையன் நல்லா நெட்டையா, பனை மரமாட்டம் கீறான். நம்ம நிலவாசல்ல தலை இடிக்கும்!"

எங்கள் படம் அங்கே போகிறது, அவர்கள் படம்தான் இங்கே வரவில்லை. அவர்கள் கேமராவைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. மைக்கும் அதற்குள்ளேயே இருந்ததால் பேச்சும் போச்சு. அத்தை போனின் முன்பக்கக் கேமராவோ, மீன் கூடையில் விழுந்ததிலிருந்து மங்கிப்போய்க் கிடந்தது. ஆக, போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தியத்தை ஆரம்பித்தேன்.

"நைனா, கேமராவுல லைட்டு எரியுதா?"

"எரிலமா."

"ஒயரைக் கழட்டி மாட்டு."

"மாட்டிட்டேன். அப்பவும் எரில."

"வேற ஓட்டையில மாட்டிப் பாரு."

"காலியா கீற ஓட்டை அல்லாத்துலயும் பாத்துட்டேன். ஒண்ணும் புடிக்கல."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். திரும்ப வந்தது, கேமரா மட்டும் வரவில்லை. செருகிய சாமான்களின் பட்டியல் இருக்கும் டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மேனேஜர்கிட்ட போயி எந்தக் காலத்துலமா வேலை நடந்துகீது?" என்றார். வாழ்நாளெல்லாம் தொழிற்சங்கத்தில் இருந்தவரிடம் நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒருவழியாகத் திறந்து படித்துக் காட்டினார். அந்தப் பட்டியலிலும் கேமரா இல்லை.

இதற்குள் ரூபன் விறைப்பாக உட்கார்ந்து உட்கார்ந்து வியர்த்துவிட்டான். என் காதோரம் குனிந்து ஆங்கிலத்தில், "உன் அப்பா என்னைப் பார்க்கிறார், ஆனால் நான் அவரைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை போல. இஷ்டமில்லை என்றால் நேராகவே சொல்லலாமே. நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்" என்றான். டச்சுக்காரர்கள் எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் நேராகச் சொல்கிற வழக்கம் இருந்தால் எனக்குக் கேமரா எதற்கடா என்று மனதுக்குள் திட்டினேன்.

"இன்னாடி சொல்றாரு மாப்ள?" என்றாள் அத்தை.

"உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறாரு அத்த."

"முட்டி வலி உயிர் போவுதுன்னு சொல்லு."

சொன்னேன். ரூபன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஓகோ, முட்டி வலியால்தான் கேமராவுக்கு முன்னால் வர முடியவில்லை என்று அவனாகவே முடிவுகட்டி, வேறொரு தேதி வைத்துக்கொள்ளலாம் என்று செல்போனில் காலண்டரைத் திறந்துவிட்டான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவன் சொன்னதில் பாதி என் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை வேலை செய்த கேமரா, ஞாயிற்றுக்கிழமை பார்த்து எப்படிச் செத்துப்போகும்? நைனாவே வேண்டுமென்று ஏதாவது செய்துவிட்டு முதுகைக் காட்டுகிறாரா?

"நைனா, உண்மையச் சொல்லு. நீ அதை இன்னா பண்ண?"

"நான் இன்னாத்தப் பண்ணப் போறேன்? சுத்தபத்தமா வெச்சிகினு கீறேன்."

அந்தச் 'சுத்தபத்தம்' எனக்கு எங்கேயோ இடித்தது. "அத்த, உன் போன்ல வீடியோ போட்டு, பின்னாடி கேமராவால அந்த டப்பாவைக் காட்டு" என்றேன். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். பதற்றத்தில் புத்தி வேலை செய்தால் அது எங்கள் குடும்பமே இல்லை.

அத்தை காட்டினாள். அடப்பாவமே! கம்ப்யூட்டர் டப்பாவுக்கு மல்லிப்பூச் சரம் சுற்றியிருந்தது. நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். காலியாக இருந்த ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் சந்தனம் அப்பியிருந்தது. கேமரா ஒயரின் நுனியிலும் ஒரு கட்டி.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். துறைமுகத்தில் ஆயுத பூஜைக்கு மதம் கிடையாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் எந்த அந்தோணியும் கிரேனுக்குச் சந்தனம் வைத்துப் பூசணிக்காய் உடைப்பார். பெரிய லோடு தூக்கும் நாளென்றால் நைனா தனியாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். கிரேனுக்கு அது ஒன்றும் செய்யாது. யூ.எஸ்.பி ஓட்டைக்குள் ஈரச் சந்தனம் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு யார் சொன்னது?

"இன்னா நைனா இது!"

"ஏன்மா? மாப்ள மொத மொத வூட்டுக்கு வர்றாரு. வாசல்ல சந்தனம் குங்குமம் வெக்க மாட்டமா? அவுரு இது வழியாதான வர்றாரு? எந்த ஓட்டை வழியா வருவாருன்னு எனக்கின்னா தெரியும்? கேமரா ஒயரையும் கழட்டிட்டு அல்லாத்துக்கும் வெச்சேன்."

ரூபனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் காலண்டரை மூடிவிட்டான்.

மவுஸ் செருகியிருந்த ஓட்டை மட்டும் தப்பித்திருந்தது. மவுஸைக் கழற்றச் சொல்லி, கேமரா ஒயரின் நுனியை வேட்டியால் நன்றாகத் துடைத்து அதில் மாட்டச் சொன்னேன். "எரியுதும்மா!" என்று நைனா கத்தினார். கறுப்புக் கட்டத்தில் அவர் முகம் வந்தது. பூசைக்குப் போட்ட சட்டை, புதிதாக மழித்த கன்னம். திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நடுங்கியது. ஆனால் எழுந்து போகவில்லை, முதுகைக் காட்டவில்லை.

"எனக்கு சந்தோசம்தாம்மா. பையன் கண்ணப் பாத்தா நல்லவனாத்தான் தெரியறான்" என்றார். அப்புறம், "அப்ப நீ இனிமே அங்கியேதான், இல்ல?" என்று கேட்டார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். எதையும் மறைக்கவில்லை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அழுகையைக் கண்டால் அத்தைக்கு ஆகாது. "நல்ல நேரத்துல இன்னா இது கலீஜு" என்று அதட்டிவிட்டு, மிச்சச் சந்தனத்தை விரலில் தொட்டாள். கேமராவைத் தாண்டி அவள் கை பெரிதாக வந்து போனது. அங்கே கம்ப்யூட்டர் திரைமேல், ரூபன் நெற்றியில் ஒரு பொட்டு, என் நெற்றியில் ஒரு பொட்டு. இங்கே என் கை தானாக நெற்றிக்குப் போனது. ஒன்றுமில்லை.

"ஆடாத இரும்மா" என்றார் நைனா, திரைக்கு இன்னும் கிட்டே வந்து. "பொட்டு ஒரு பக்கம் கீது, நீ ஒரு பக்கம் போற."

நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.