இடது பக்கம் போடு

வேலணைத் தீவுப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கியது யார் என்று கேட்டால் பிரியவதனி ரீச்சரின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பேச்சு வந்தால் அவள் தலையைக் குனிந்துகொண்டு வேறு எதையாவது கதைப்பாள். அடக்கமான மனுசி என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அது அடக்கமல்ல, வெட்கம்.

அவள் சரவணையில் பிறந்தவள். தகப்பன் வைத்திலிங்கம் பதுளையில் கடை நடத்திவிட்டுக் கடைசிக் காலத்தில் ஊரோடு வந்து இருந்தவர். அண்ணன்மார் கனடாவிலிருந்து அவளையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி படித்து, வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய ஒரு கலவன் பாடசாலையில் நியமனம் எடுத்தாள். படிக்கிற காலத்தில் உதைபந்து விளையாடியிருந்தாள். பெரிய விளையாட்டுக்காரி என்று சொல்ல முடியாது. ஆனால், எதிரில் நிற்பவருக்கு எது வரும், எது வராது என்பதை நாலு நிமிடம் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவாள்.

பெண்பிள்ளைகளுக்கு ஓர் உதைபந்து அணி சேர்க்கப்போவதாகச் சொன்னபோது அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“வலைப்பந்து காணாதோ ரீச்சர்? இது பெடியளின்ர விளையாட்டெல்லோ?”

“ஒரு தவணைக்கு விட்டுப் பாருங்கோ சேர். சரிவராட்டி நானே நிப்பாட்டிறன்.”

பள்ளிக்கூட வளவு முழுக்கக் கூரான முருகைக்கல். விழுந்தால் முழங்கால் கிழியும். அதனால் பின்னேரங்களில் பிள்ளைகளை மண்கும்பான் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மணலில் ஓடிப் பழகிய கால்கள் புல்லில் பறந்தன. இரண்டாம் வருடமே வலயப் போட்டியில் வென்றார்கள். அதற்குப் பிறகு அதிபர் எதுவும் கேட்கவில்லை.

அந்த அணியில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருத்தி லோஜனா. முன்வரிசையில் ஆடுபவள், பந்து காலில் பட்டால் பிடிக்க ஏலாது. மற்றவள் அவளுடைய மாமன் மகள் லக்சிகா. உயரமான பிள்ளை, கோல் காப்பாளர், அணித் தலைவி. சின்ன வயதில் சைக்கிளில் இருந்து விழுந்து லக்சிகாவின் இடது முழங்கை முறிந்திருந்தது. சுகமாகிவிட்டதென்று வீட்டில் நம்பினார்கள். ஆனால் கை முழுதாக நீளாது. இடது பக்கம் தாழ வரும் பந்துக்கு அவளால் எட்ட முடியாது.

ஒருநாள் பயிற்சி முடிந்து மற்றப் பிள்ளைகள் போனபிறகு அவள் இதைப் பிரியவதனியிடம் சொன்னாள். “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர். அம்மா அறிஞ்சா விளையாட விடமாட்டா.”

“நான் ஏன் சொல்லப்போறன்?” என்றாள் பிரியவதனி. அடுத்த நாளே அவளை இடது கம்பத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கப் பழக்கினாள். வலது பக்கம் பாய்வதற்கு நீளமான கால்கள் இருந்தன. பார்ப்பவர்களுக்கு அது அவளுடைய பாணி என்றுதான் தோன்றும். இரண்டு வருடமாக எந்த அணியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

கொரோனா முடிந்து பள்ளிக்கூடங்கள் திரும்பத் திறந்த காலத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெண்கள் கல்லூரி ஒன்று அவளைக் கூப்பிட்டது. புல் மைதானம், விடுதி, வெளிநாட்டுப் பழைய மாணவிகள் அனுப்பிய சப்பாத்துகள், தலைமைப் பயிற்றுநர் என்ற பதவி. கல்லூரி அதிபர் அம்மா தேநீர் கொடுத்து உபசரித்துவிட்டு, கடைசியில்தான் கேட்டார்.

“அந்த முன்னுக்கு விளையாடுற பிள்ளை... அவவுக்கும் எங்கட விடுதியில இடம் இருக்கு.”

பிரியவதனி லோஜனாவின் தாய் சீதேவியிடம் போய்க் கதைத்தாள். நல்ல பள்ளிக்கூடம், நல்ல படிப்பு என்றாள். சீதேவிக்குச் சந்தோசம். செய்தி லக்சிகாவின் காதுக்கும் போனது. பஸ் தரிப்பிடத்தில் அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

“என்னையும் கூட்டிக்கொண்டு போவியளோ ரீச்சர்?”

பட்டினத்துக் கல்லூரியில் ஏற்கனவே இரண்டு நல்ல காப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு கையும் நீண்டன. அது பிரியவதனிக்கு அந்தக் கணமே தெரியும்.

“பாப்பம் பிள்ளை,” என்றாள்.

விடுமுறையில் இடமாற்றம் வந்தது. அணியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டுமென்று நினைத்தாள். சொல்லப்போனால் அழுவார்கள், லக்சிகா திரும்பவும் கேட்பாள். சொல்லாமலே போய்விட்டாள். தவணை தொடங்க லோஜனாவும் விடுதிக்கு வந்து சேர்ந்தாள்.

அடுத்த வருடம் மாகாணப் போட்டி. ஒரு பிரிவில் மூன்று அணிகள். பிரியவதனியின் கல்லூரி, வன்னிப் பள்ளிக்கூடம் ஒன்று, அவளுடைய பழைய பள்ளிக்கூடம். வன்னி அணியோடு பிரியவதனியின் அணி சமநிலையில் முடித்தது. வன்னி அணி தீவுப் பிள்ளைகளை ஒன்பது கோல்களால் வென்றிருந்தது. பிரிவில் முதலாவதாக வரும் அணிக்கே அரையிறுதி என்பதால், ஒன்பதைத் தாண்ட வேண்டும்.

தீவு அணி பஸ்ஸில் வந்து இறங்கியபோது எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஏழு பேர் இருந்தாலே ஆடலாம் என்பது விதி, அதனால் ஆடவந்திருந்தார்கள். பொறுப்பாக வந்தவர் புவியியல் படிப்பிக்கும் சிவபாதம் மாஸ்டர். உதைபந்து அவருக்குத் தெரியாது. பிரியவதனியைக் கண்டு உண்மையான சந்தோசத்தோடு சிரித்தார்.

“எப்பிடி இருக்கிறீர் ரீச்சர்? உம்மைப் பிள்ளையள் நல்லாத் தேடினவை. நீர் விடுமுறையிலயே போனது தெரியாமல் தவணை துவங்கின கிழமை மண்கும்பானுக்குப் போய் உம்மைப் பாத்துக்கொண்டு இருந்தவையாம்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. பிரியவதனிக்குத்தான் முகம் சுட்டது. வேலை இருக்கிறதென்று சொல்லி அப்பால் போனாள்.

முதல் பாதியில் லக்சிகா பிடித்த பிடி அங்கிருந்தவர்கள் அதுவரை காணாதது. முன்னால் ஏழு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, பந்து மாறி மாறி வந்தது. காலால் தடுத்தாள், நெஞ்சால் தடுத்தாள், வலது பக்கம் பாய்ந்து பாய்ந்து மண்ணை அப்பிக்கொண்டு எழும்பினாள். இடைவேளையில் மூன்று கோல்தான். எதிர்த்தரப்பு ஆட்கள்கூடக் கைதட்டினார்கள். அதிபர் அம்மா கதிரையிலிருந்து எழும்பி வந்தார்.

“என்ன மிஸ், எட்டுப் பிள்ளையளைத் தாண்ட ஏலாதோ? வெளிநாட்டில எல்லாரும் நேரலையில பாத்துக்கொண்டு இருக்கினம்.”

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பிரியவதனி கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். யோசித்துச் செய்ததா, வாய் தவறி வந்ததா என்று பிறகு அவளே பலமுறை தன்னைக் கேட்டிருக்கிறாள். யோசித்துத்தான் செய்தாள்.

“இடது பக்கம் போடு. கீழால போடு. அவவுக்கு இடக்கை நீளாது.”

லக்சிகா திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒருமுறைதான். அடுத்த பந்து இடது கம்பத்தை ஒட்டி உள்ளே போனது. அதற்கடுத்ததும் அப்படியே. அவள் இன்னும் இடது பக்கம் தள்ளி நின்றாள். உடனே வலது பக்கம் திறந்து கிடந்தது. கோல்கள் விழுந்துகொண்டே இருந்தன. பிரியவதனி அதே வார்த்தைகளை மூன்று நாலு தரம் கத்தினாள்.

ஒன்பது கோலானபோது பந்து லோஜனாவிடம் வந்தது. அவளுக்கும் மச்சாளுக்கும் நடுவில் யாரும் இல்லை. லோஜனா பந்தைக் காலால் நிறுத்தினாள். லக்சிகாவைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டாள்.

பிரியவதனி அவளை உடனே வெளியே எடுத்தாள். “என்ன கூத்துக் காட்டிறாய்?”

“எனக்கு ஏலாது ரீச்சர்,” என்றாள் லோஜனா.

மாற்றாகப் போன பிள்ளை பத்தாவதை அடித்தாள். அதோடு அரையிறுதி உறுதியானது. ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையில் வந்து கைகொடுத்தார்கள். லக்சிகா மண் ஒட்டிய கையை உடுப்பில் துடைத்துவிட்டுப் பிரியவதனிக்கும் கைகொடுத்தாள்.

“வாறன் ரீச்சர்,” என்றாள், பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகும்போது சொல்வதைப் போலவே.

திட்டியிருந்தால் பிரியவதனி ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

அந்த வருடம் அவர்கள் மாகாணக் கிண்ணத்தை வென்றார்கள். கல்லூரி மண்டபத்தில் மாலை போட்டார்கள். தீவகத்தின் மகள், தீவுப் பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர் என்று ஒருவர் மேடையில் நீளமாகப் பேசினார். பிரியவதனி கழுத்தில் மாலையோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் அவளுடைய தாய் சின்னத்தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தாள். அடுத்த கதிரை சீதேவிக்கென்று விட்டிருந்தது. சீதேவி வரவில்லை. லோஜனா தவணை முடிவில் விடுதியை விட்டு, ஊருக்குத் திரும்பிப் பழைய பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்துவிட்டாள். பந்தை அவள் அதன்பிறகு தொடவில்லை.

வார இறுதியில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் பிரியவதனி யன்னல் பக்கம் இருப்பதை விட்டாள். தெரிந்தவர்கள் வாழ்த்தினால் உடம்பு கூசியது. கோயில் திருவிழாவுக்கும் போகவில்லை. தாய் கேட்டாள், “என்ன பிள்ளை, வென்றுபோட்டு வந்து செத்தவீட்டுக்காரர் மாதிரி இருக்கிறாய்?” அவள் தலையிடி என்றாள்.

இன்னும் இரண்டு வருடம் பட்டினத்தில் இருந்தாள். அணி வென்றுகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு போட்டியிலும் எதிர்க் காப்பாளரின் குறையை அவள் கண்கள் தாமாகவே கண்டுபிடித்தன. சொல்ல வாயெடுத்தவள் கோட்டை விட்டுத் தள்ளிப்போய் நின்றாள். ஒருநாள் தீவுக்கே இடமாற்றம் கேட்டாள். அதிபர் அம்மா நம்பவில்லை.

“உமக்கு என்ன விசரோ? ஆக்கள் அங்க இருந்து வரத்தான் நிப்பினம்.”

“எனக்கு அங்கதான் மிஸ் வேலை கிடக்குது,” என்றாள்.

புங்குடுதீவில் குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கமாக ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. அங்கே போவதற்கு முன் லக்சிகாவைப் பார்க்கப் போனாள். லக்சிகா உயர்தரம் முடித்துவிட்டு வேலணையில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம், பிள்ளைகள் போய்விட்டார்கள். லக்சிகா நிலத்தில் சிந்திய கடலையைக் கூட்டிக்கொண்டு நின்றாள்.

“இருங்கோ ரீச்சர். பெரிய கதிரை இல்லை.”

பிரியவதனி சின்னப் பிள்ளைகளின் கதிரையில், முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தாள்.

“கையைப் பற்றி நீர் என்னை நம்பிச் சொன்னது. அதை நான் எல்லாருக்கும் முன்னால கத்தினனான். மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

லக்சிகா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

“கோல் விழுந்தது எனக்குப் பெரிசில்லை ரீச்சர். அந்த வீடியோவைக் கனடாவில மாமா பாத்தவர். நீங்கள் கத்தினது அதில வடிவாக் கேக்குது. அவர் அம்மாவுக்குப் போன் அடிச்சுக் கேட்டவர், பிள்ளைக்குக் கையில என்ன குறையெண்டு. அம்மா அண்டைக்கு முழுக்க அழுதவ. இப்ப கலியாணம் பேசி வாற ஆக்களும் முதல் அதைத்தான் கேக்கினம்.”

பிரியவதனிக்கு இது புதுச் செய்தி. தான் செய்ததன் நீளம் தனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

“ஒண்டு கேக்கட்டோ?” என்றாள் லக்சிகா. “நான் அப்ப உங்களோட வந்திருந்தா, என்னை விளையாட விட்டிருப்பியளோ?”

பிரியவதனி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“இல்லை.”

“அது உங்களுக்கு அப்பவே தெரியுமோ?”

“ஓம். தெரிஞ்சுதான் ‘பாப்பம்’ எண்டனான்.”

“அதை அப்பவே சொல்லியிருக்கலாம்,” என்றாள் லக்சிகா. குரல் உயரவில்லை. “நீங்கள் கூப்பிடுவியள் எண்டு நான் ஒரு தவணை முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தனான். நான் போகப்போற ஆள்தானே எண்டு ரீமைக் கவனிக்கேல்லை. பிள்ளையள் ஒவ்வொருத்தரா விளையாட்டை விட்டு நிண்டிட்டினம். எட்டுப் பேரோட வந்தது அதாலதான்.”

பிரியவதனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். லக்சிகா உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து குட்டி மேசையில் வைத்தாள்.

“எனக்குக் கோபமில்லை ரீச்சர். ஆனா உங்களோடை முந்தின மாதிரிக் கதைக்க வருகுதில்லை. குடியுங்கோ, ஆறப்போகுது.”

புங்குடுதீவில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பிரியவதனி திரும்பவும் தொடங்கினாள். அந்த அணி பெரும்பாலும் தோற்கும். எப்போதாவது சமநிலையில் முடித்தால் பிள்ளைகள் நயினாதீவுப் படகுக்காரருக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். லக்சிகாவைச் சில நாட்களில் பஸ்ஸில் காண்கிறாள். இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள். லக்சிகா பின்னுக்குப் போய் இருப்பாள்.

போன மாதம் பின்னேரப் பயிற்சிக்குப் பிறகு, பின்வரிசையில் ஆடும் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி அவளிடம் வந்தாள்.

“ரீச்சர், ஒண்டு சொல்ல வேணும். ஒருத்தருக்கும் சொல்லப்படாது.”

“பொறும்,” என்றாள் பிரியவதனி. “சொல்லுறதுக்கு முன்னம் என்னைப் பற்றி ஒண்டு கேட்டிட்டுச் சொல்லும்.”

வலைக் கம்பத்தடியில் இருவரும் நின்றார்கள். லக்சிகாவின் பெயரைச் சொல்லாமல், ஒரு பிள்ளை தன்னை நம்பிச் சொன்னதையும், தான் அதை மைதானத்தில் கத்தியதையும், அதனால் வந்த வினையையும் பிரியவதனி அந்தப் பிள்ளைக்குச் சொன்னாள். லக்சிகாவைத் தவிர வேறொருவருக்கு அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சப்பாத்து நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இனி உம்மட விருப்பம்,” என்று முடித்தாள்.

பிள்ளை நிலத்தில் கிடந்த தன் பையை எடுத்தாள்.

“பிறகு சொல்லுறன் ரீச்சர்,” என்றாள். பையைத் தோளில் கொழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் இன்னும் வந்து சொல்லவில்லை. பிரியவதனியும் கேட்கவில்லை.