சட்டைப் பையில் மிஞ்சிய நட்டு

சிதம்பரத்தில் ஒரு ரைஸ்மில்லில் பம்ப் பவுண்டேஷனை அளக்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு நட்டு விழுந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மணி ரெண்டரை. மூணு மணிக்குக் கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நான் உட்கார வைத்த பம்பை ஓட்டப் போகிறார்கள்.

ஒரு நட்டுக்கா இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் நாலாங் கிளாஸோடு நின்றவன். குறிஞ்சிப்பாடியில் பஞ்சர் ஒட்டி, வெல்டருக்குக் கையாளாகப் போய், யார் தயவும் இல்லாமல் மேஸ்திரி ஆனவன். மோட்டாரும் பம்பும் ஒரே நேரில் இருக்கிறதா என்று இன்ஜினியர்கள் டயல் கேஜ் வைத்துப் பார்க்கிற அலைன்மெண்டை, நான் ரெண்டையும் இணைக்கிற கப்ளிங் மேல் விரல் வைத்தே சொல்வேன். அப்புறம் அவர்கள் டயல் வைத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரி சொன்னது சரி என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பைப் லைனில் தண்ணீர் ஏற்றி பிரஷர் டெஸ்ட் செய்யும்போது அந்த பிரஷர் பம்புக்குள் போகக் கூடாது. அதற்காகப் பம்பும் பைப்பும் சேருகிற பிளேஞ்சுக்கு நடுவில் ஒரு இரும்புத் தகடு வைத்து அடைப்போம். டம்மி என்று பேர். டெஸ்ட் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எத்தனை வைத்தேன் என்று நான் எழுதி வைப்பதில்லை. ஒரு டம்மி வைத்தால் ஒரு நட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். டம்மியை எடுத்தால் நட்டையும் எடுத்துப் போட்டுவிடுவேன். முப்பது வருஷமாக இந்தக் கணக்கு தப்பினதே இல்லை.

டம்மியை வால் விட்டு வெட்டுவதுதான் முறை. வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும். கடலூர் கம்பெனி சூப்பர்வைசரும் அதைத்தான் சொன்னார். மறந்து போகிற ஆளுங்களுக்குத்தான் சார் வாலு, எனக்கு எதுக்கு என்று சொல்லி, அங்கே வைத்த மூன்று டம்மியையும் வட்டமாகவே வெட்டினேன். போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் உள்ளே டம்மி இருப்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

அன்று காலை பம்புக்குள் இழுக்கிற சக்ஷனில் ஒன்று, பைபாஸில் ஒன்று எடுத்தாயிற்று. பம்ப் வெளியே தள்ளுகிற டெலிவரி பிளேஞ்சில் ஸ்பானர் வைக்கிற நேரம் மேனேஜர் கூப்பிட்டார். சென்னையிலிருந்து பெரிய ஆபீசர்கள் வருகிறார்கள், பேப்பர் முடிய வேண்டும் என்றார். முழுப்பக்கம் இங்கிலீஷ். நான் ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டி, தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டேன். டீ கொடுத்தார்கள். ரைஸ்மில்காரர் பைக்கோடு கேட்டில் காத்திருந்தார். ஏறி உட்கார்ந்து போய்விட்டேன்.

அந்த லைனில் ஓடப் போவது சூடான காஸ்டிக் சோடா. டெலிவரியை அடைத்து வைத்துப் பம்ப் ஓடினால் உள்ளேயே கொதித்து, சீல் பிய்த்துக்கொண்டு அடிக்கும். வால்வைத் திறக்கப் பக்கத்திலேயே நிற்கிறவன் ஆபரேட்டர் அந்தோணி. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருப் பையன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். என்னை மாமா என்பான். காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வை அவ்வளவுதான்.

அவனுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பிளாண்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அது கேட்டில் ஒரு டப்பாவில் கிடக்கும். மேனேஜருக்குப் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். டெலிவரியில் டம்மி இருக்கிறது, ஓட்டாதீர்கள் என்றேன்.

"என்ன மேஸ்திரி வெளையாடறீங்களா? எல்லா டம்மியும் எடுத்தாச்சுன்னு எட்டாவது வரியில இருக்கு. கீழ உங்க கையெழுத்து. விரல் வச்சுப் படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?"

நட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். ஆபீசர்கள் வந்துவிட்டார்கள், பூஜைத் தட்டு ரெடி, ஒரு நட்டை நம்பி நிறுத்த முடியாது என்றார். போனை வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. பெண்டாட்டியிடம்கூட ஒத்துக்கொள்ளாததை அந்த ரைஸ்மில்லில் நாலு பேர் கேட்கச் சொன்னேன்.

"சார், எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அந்தப் பேப்பர்ல என்னா இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. படிக்கிற மாதிரி விரலை ஓட்டுனேன். அந்தக் கையெழுத்த நம்பாதீங்க. அந்தோணி நிக்கிறான் சார் அங்க."

லைன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

ரைஸ்மில்காரர் பைக்கை எடுத்தார். முட்லூர் தாண்டும்போது மணி மூன்று. புதுச்சத்திரத்தில் ஒரு ஆம்புலன்ஸ் எங்களை முந்திக் கடலூர் பக்கம் போனது. ஆலப்பாக்கம் வரை அந்தோணி பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

கேட்டில் செக்யூரிட்டி பாஸ் எழுதினார். என்ன ஆச்சு என்று கேட்க எனக்குப் பயம். பம்ப் ஹவுஸ் வாசலில் மோட்டாருக்கு மாலை போட்டிருந்தது. கற்பூரம் ஏற்றவில்லை. அந்தோணி படிக்கட்டில் உட்கார்ந்து பூஜைத் தட்டுப் பொரியைத் தின்றுகொண்டிருந்தான்.

மேனேஜர், "படிக்க வராதுன்னு சொன்னப்புறம் எப்படி ஓட்டறது? நிறுத்திட்டேன். நீங்களே கழட்டுங்க," என்றார். ஆபீசர்கள் சுற்றி நின்றார்கள். எட்டு போல்ட். நாலாவது போல்ட்டில் எனக்கு வேறொரு பயம் வந்தது. உள்ளே டம்மி இல்லாமல் போனால் இத்தனை பேர் முன்னால் என் மானம் போகும். டம்மி இருக்கணும் இருக்கணும் என்று வேண்டிக்கொண்டேன். அந்தோணிக்கு வந்த ஆபத்து நிஜமாக இருக்கணும் என்று வேண்டிக்கொண்ட மாதிரி அது. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

இருந்தது. ஆறு இன்ச் லைனுக்கு வெட்டிய தகடு, ஈரத்தோடு என் கையில் வந்தது. அந்தோணி அதை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"மாமா, இது என் மூஞ்சி சைசுக்கே இருக்கு."

ரெண்டு ஆபீசர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் சிரிக்காமல் தகட்டை என் கையிலேயே திருப்பி வைத்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டம்மிக்கு வால் விட்டு வெட்டுங்கள், எவ்வளவு பெரிய வேலைக்காரனாக இருந்தாலும். புரியாத பேப்பரில் கையெழுத்து வைக்காதீர்கள். அடுத்த தடவை அதே கம்பெனியில் பேப்பர் நீட்டியபோது எனக்குத் தெரியாது, படித்துச் சொல்லுங்கள் என்றேன். புதுசாக வந்த இன்ஜினியர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குள் அந்தோணி பேப்பரை வாங்கிக்கொண்டு, "பம்பு பக்கத்துல நிக்கப் போறவன் நான். நானே படிக்கிறேன்," என்று முதல் வரியிலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தான். எட்டாவது வரி வந்ததும் நிறுத்தி, "மாமா, பாக்கெட்டக் காட்டு," என்றான்.

பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.