ராகு காலத்தில் வந்த திமிங்கிலம்

கடந்த ஜூலையில் நானும் என் மனைவி கமலாவும் ஜேர்மனியின் வடகோடியிலுள்ள சில்ட் தீவுக்குப் போய் வந்தோம். "இத்தனை வருசம் இஞ்ச இருந்தும் ஒரு திமிங்கிலத்தைப் பார்க்கேல்லை" என்று அவர் ஒருநாள் சொன்னதுதான் காரணம். நான் எதையும் நாலு தரம் சரிபார்ப்பவன். சரிபார்த்த பிறகும் சந்தேகப்படுபவன். ஆகவே போகிறவர்கள் இந்த விபரங்களைத் தாங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கொலோனிலிருந்து ஹம்பேர்க்கில் ரயில் மாறி, தீவிலுள்ள வெஸ்டர்லான்ட் நிலையத்துக்குப் போய்ச்சேர ஏறக்குறைய எட்டு மணி நேரம். அங்கிருந்து தீவின் தென்முனையிலுள்ள ஹோர்னும் துறைமுகத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். படகுக்கு ஆளுக்கு முப்பத்திரண்டு யூரோ கொடுத்தோம்.

இங்கே வருவது பன்றித் திமிங்கிலம். பெயர்தான் பெரிது, அதிகம் போனால் ஓர் ஆளின் நீளம். சற்று அலை எழுந்தாலும் அதன் முதுகு கண்ணில் படாது. நாங்கள் தங்கிய நாட்களில் காற்று அடங்கியது வியாழக்கிழமை மட்டும். மறுநாள் காலை எங்களுக்கு ரயில். படகோ பிற்பகல் இரண்டு மணிக்கு.

"வியாழன் ஒண்டரையிலயிருந்து மூண்டு மட்டும் ராகு காலம். அந்த நேரம் நான் படகில கால் வைக்கமாட்டன்" என்றார் கமலா.

வாதாடி வென்று எனக்குப் பழக்கமில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ராகு காலம் பகலின் எட்டில் ஒரு பங்கு. வியாழனுக்கு ஆறாவது பங்கு. ஒன்றரை என்பது ஆறுக்கு விடிந்து ஆறுக்கு இருளும் ஊரின் கணக்கு. சில்ட்டில் அப்போது ஐந்துக்கு விடிந்து பத்துக்குத்தான் சூரியன் மறைகிறது.

"அப்ப இஞ்ச எப்ப?"

"மூண்டரை தாண்டித்தான்."

"இவ்வளவு காலமும் நான் பிழையான ராகுவுக்கோ பயந்தனான்?"

ஓம் என்று சொல்லத் துணிவு வரவில்லை. "கணக்கு அப்பிடித்தான் சொல்லுது" என்றேன். அவர் செருப்பைத் தேடினார்.

மணல்திட்டில் கடல்நாய்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. பிறகு திறந்த கடல். படகின் மூக்கு பன்னிரண்டு மணி. எதைக் கண்டாலும் கடிகார மணியால் திசையைச் சொல்லிக் கத்துங்கள் என்றார் வழிகாட்டிப் பெண். யாரும் கத்தவில்லை. மூன்றரையும் கடந்தது.

"இஞ்சருங்கோ, உங்கட ராகுவும் வந்திட்டார். திமிங்கிலத்தைத்தான் காணேல்லை."

படகு கரைக்குத் திரும்பத் தொடங்கியபோது வலப்பக்கம் ஒரு கறுத்த முதுகு சக்கரம்போலச் சுழன்று மறைந்தது. அலையாக இருக்குமோ? மறுபடியும் எழுந்தது, பக்கத்தில் இன்னொன்று, சின்னது. பிழையாகிப்போனால் படகு முழுவதும் சிரிக்கும். பேசாமலிருந்தால் கமலா திமிங்கிலத்தைக் காணாமலே ஊர் திரும்புவார்.

"மூன்று மணி!" என்று ஜேர்மனில் கத்தினேன். அவ்வளவு பெரிய குரல் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது.

இயந்திரத்தை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் 'ப்ஃபு' என்று மூச்சு விடும் சத்தம் கேட்டது. தாயும் குட்டியும். கமலா என் சட்டைக் கையை விடவேயில்லை.

"முதலில் பார்த்தது யார்?" என்று வழிகாட்டி கேட்டார். கமலா என் கையைப் பிடித்து உயர்த்தினார். "என்ர மனிசன்!" என்று தமிழிலேயே சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பெருமை தாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: குட்டிகளோடு காண கோடைதான் நல்லது. விடுதியை முன்பே பதியுங்கள். படகுச் சீட்டைக் காற்று அடங்கும் நாள் பார்த்து எடுங்கள். கோடையென்றாலும் தடித்த மேலங்கி வேண்டும். எதையாவது கண்டால் சந்தேகத்தோடே கத்துங்கள்.

திரும்பும் பஸ்ஸில் கமலா பான் நகரிலிருக்கும் தன் தமக்கையோடு தொலைபேசினார். "அக்கா, அந்தக் கலண்டரை மூடி வையுங்கோ. இனி ராகு காலம் பார்க்கிறதெண்டால் இவரிட்டைக் கேளுங்கோ."