ஆற்றில் ஊறிய பலகை

என் தம்பி கடற்கரையில் விண்ட்சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறான். ஆள் நிற்க ஒரு பலகை, அதன் நடுவில் ஒரு பாய்மரம், மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஆற்றங்கரைக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, படித்த படிப்பையும் விட்டுவிட்டுக் கடலில் போய்ப் பலகைமேல் நிற்கிறானே என்று அப்பாவுக்கு ஆறவே இல்லை. யாராவது அவனைப் பற்றி விசாரித்தால், "கடல்ல தொங்குதான்" என்பார். அவனிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன ஆனியில் அந்தப் பலகை பாறையில் மோதி, மூக்குப் பக்கம் விரிசல் விட்டது. முக்கூடலில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தான். கடல் ஈரத்தில் பிசின் சரியாகப் பிடிக்காதாம். வாரக் கடைசியில் பலகையோடு போய் நிற்க வேண்டும். சொந்தப் பலகை வைத்திருப்பவனுக்குத்தான் காற்றுக்காலம் முழுக்க வேலை. இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

ஒட்டுவதற்கு முன்னால், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தான். மேல்தோல் மட்டும்தான் கெட்டி, உள்ளே முழுக்கத் தெர்மாகோல். தண்ணீரை உள்ளே வைத்து மூடிவிட்டால் அது வெயிலில் சூடாகி, தோலை அப்பளம் மாதிரி உப்ப வைத்துவிடும் என்றான். ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனான். எல்லா இடத்திலும் கணீரென்று கேட்டது. விரிசலில் பஞ்சை அழுத்தி எடுத்தான், காய்ந்தே வந்தது.

"தப்பிச்சோம்க்கா. நீர் கோக்கல."

தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டாமல் திரிகிறவர்களைச் சொல்கிற வார்த்தை அது. பலகைக்கும் ஜலதோஷம் பிடிக்குமா என்று கேலி செய்தேன். அவன் விரிசல்மேல் டேப் ஒட்டிவிட்டு, பிசின் வாங்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினான்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பலகை மாடியில் ஈரமாகக் கிடந்தது. அப்பா நனைந்த வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, ஒரே உப்பாப் பூத்துக் கெடந்துச்சு. ஆத்துல கொண்டுபோயி நல்லா ஊற வச்சு அலசிட்டேன். மூக்கு முங்க மாட்டேங்குது, ஒரு கல்லத் தூக்கி மேல வச்சேன்."

"அதுல டேப்பு ஒட்டியிருந்துச்சே?"

"அதுக்கு அடியிலதான உப்பு இருக்கும். உரிச்சுட்டேன்."

தாமிரபரணித் தண்ணீர் படாத எதுவும் அப்பாவுக்குச் சுத்தமில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்கும் கேனில் தண்ணீர் சுமக்கிற மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் இந்த வயதில் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு படித்துறை இறங்கி ஏறியிருக்கிறார். தம்பியின் தொழில் சாமானை அவர் தொட்டதே அன்றைக்குத்தான். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. 

தம்பி வந்தான். பலகையின் முனையைத் தூக்கிப் பார்த்தான், கனத்தது. காசை எடுத்துத் தட்டினான். நடுவில் கணீரென்று கேட்ட சத்தம், மூக்கை நெருங்க நெருங்கச் செத்துப்போனது. பஞ்சு நனைந்து வந்தது. பலகையைச் சாய்த்ததும் விரிசலில் ஒரு சொட்டு எட்டிப்பார்த்தது. அதை விரலில் எடுத்து நாக்கில் வைத்தான்.

"இது கடத்தண்ணி இல்லக்கா. கரிக்கல."

கொடியில் வேட்டி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன், வேறென்ன செய்ய.

"காய எவ்வளவு நாளாகும்?"

"வடியிறது வடிஞ்சிரும். உள்ள ஊறுனது காய மாசக்கணக்காகும். அதுக்குள்ள காத்தே முடிஞ்சிரும்."

அப்பா படியேறி வருகிற சத்தம் கேட்டது.

"என்னலே, உப்பு போயிட்டா?"

தம்பி பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. கத்தப்போகிறான் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது எனக்கு.

"போயிட்டுப்பா."

"கடல்ல கெடந்த சாமான்லா. நம்ம ஆத்துல ஒரு முங்கு முங்கினாத்தான் சரியாவும்." அப்பா பலகையைத் தடவிக்கொடுத்தார். "நீ தைரியமாப் போயி ஓட்டு. அடுத்தாப்ல வரும்போதும் கொண்டா, நானே அலசித் தாரேன்."